நாலு ஸ்க்ரூ போடுகிறவன்

ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்ட நாலு ஸ்க்ரூ வேண்டும், பக்கத்துக்கு இரண்டு. காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் முக்கால்வாசிப் பேர் ஒரு பக்கம் மட்டும் இரண்டைப் போட்டு முறுக்கிவிட்டு, மறுபக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மூடியை மாட்டிவிடுவார்கள். மிச்ச ஸ்க்ரூவை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். அந்த டப்பா நிறைந்திருப்பதை ஒரு பெருமையாகவே காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு பெட்டிக்குக்கூட இரண்டோடு நிறுத்தியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பெயர் திருமூர்த்தி. பூர்வீகம் உடுமலைப் பக்கம். கடை, டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்ப்ளெக்ஸின் தரைத்தளத்தில். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தேன். ஒரு பேப்பர் நின்றுபோனது. இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. என் விசிட்டிங் கார்டில் சிஸ்டம் இன்ஜினியர் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மாமனார் வீட்டில் விசேஷத்துக்குப் போனால், ‘கம்ப்யூட்டர்க்காரர் வந்துட்டாருங்க, அந்த டிவி ரிமோட்டைக் கொஞ்சம் காட்டுங்க’ என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ரிமோட்டையும் சரி செய்து கொடுத்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன்.

நாலு ஸ்க்ரூ எதற்கு என்று கேட்டீர்கள். பிடிமானத்துக்கு இரண்டே போதும். ஆனால் ஸ்க்ரூவின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமல்ல. டிஸ்க்கின் உடம்பும் இரும்பு, கம்ப்யூட்டரின் கூடும் இரும்பு. ஸ்க்ரூ இரண்டையும் ஒன்றாக்குகிறது. கூட்டிலிருந்து எர்த் ஒயர் மண்ணுக்குப் போகிறது. நாம் தொடும்போது உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் கையிலிருந்து சுருக்கென்று இறங்கினால், டிஸ்க்கின் மேல்தகடு, ஸ்க்ரூ, கூடு, ஒயர், மண் என்று நேர்வழியில் போய்விடும். அந்த வழியை அடைத்துவிட்டால் அது வேறு வழி தேடும். டிஸ்க்கின் அடியில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது, அதன் வழியாகப் போகும். போகிற வழியில் இருப்பதையெல்லாம் எரித்துவிட்டுப் போகும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. வயதாகிச் செத்த மாதிரிதான் இருக்கும்.

லட்சுமணசாமி அவர்களின் மில் பல்லடம் தாண்டி இருக்கிறது. வாசலில், ‘இது தொழிற்சாலை அல்ல, குடும்பம்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், செல்போன்களைக் காவலாளியிடம் ஒப்படைக்கவும் என்று இருக்கும். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள் அவரை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். சேருகிற அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவருடைய அறையில் அவர் வாங்கிய கேடயங்களுக்கு ஒரு தனி ஏசி உண்டு. தறிக்கூடத்தில் நாற்பது பேருக்கு இரண்டு ஃபேன். நான் குறையாகச் சொல்லவில்லை. ஃபேனைப் போட்டால் நூல் பறக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே கேமரா போட்டது நான்தான். பதிவாவதற்கு, கடையில் விற்கும் ரெடிமேட் பெட்டி வேண்டாம் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டரே கட்டிக் கொடுத்தேன். நாலு டிஸ்க், பதினாறு ஸ்க்ரூ. பெட்டியைத் திறந்து காட்டியபோது அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ‘நீட்டா இருக்குதுங்க இன்ஜினியர்’ என்றார்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், கார்டைப் பார்க்காமல், அவராகச் சொன்னது அது. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. மில்லில் எல்லாருக்கும் நான் இன்ஜினியர்தான். காவலாளிகூட எழுந்து நிற்பான்.

ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தியான கிருபா இறந்தது தை மாதக் கடைசியில், காலை பதினொன்றே காலுக்கு. இருபது வயது. பாவு நூலைச் சுற்றும் உருளையில் துப்பட்டா மாட்டியது. அவள் போன் பேசிக்கொண்டே போய் உருளைப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று மில்லில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் படத்துக்கு மாலை போட்டு, மைக் வைத்து, இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி நடந்தது. தறியை நிறுத்தவில்லை, ஏற்றுமதி ஆர்டர் இருந்தது. அதனால் மௌனம் யாருக்கும் கேட்கவில்லை. லட்சுமணசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மகளை இழந்த தகப்பனாக நிற்கிறேன் என்று பேசினார். பின்வரிசையில் நின்ற அந்தப் பெண்ணின் அம்மா பழனியாத்தாளை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

பழனியாத்தாள் தோட்ட வேலைக்குப் போகிறவர். போன் கதையை அவர் நம்பவில்லை. கிருபாவின் போன் டிஸ்ப்ளே உடைந்து ஒரு மாதமாக வீட்டில்தான் கிடக்கிறது என்றார். அப்படியானால் வேறு யாருடைய போனாவது இருக்கும் என்றது மில். அந்தம்மா உங்கள் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். நீங்கள் ஒரு கடிதம் அனுப்பினீர்கள், கேமரா பதிவை இருக்கும் நிலையிலேயே பாதுகாத்து வைக்கவும், இரண்டு வாரத்தில் நேரில் வந்து கைப்பற்றுவோம் என்று. நீங்கள் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கடிதத்தில் நகல் எடுத்து வைக்கச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். எடுக்கச் சொல்லியிருந்தால் ஆறு நிமிட வேலைதான்.

கடிதம் வந்த அன்றைக்கே லட்சுமணசாமி கார் அனுப்பினார். மோர் கொடுத்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை. என் பையனின் படிப்பை விசாரித்தார். அப்புறம்தான் கேட்டார்.

‘ஏனுங்க இன்ஜினியர், இந்த டிஸ்க்கெல்லாம் எத்தன வருசம் வருமுங்க?’

‘நல்லா வெச்சிருந்தா அஞ்சாறு வருசம் வருமுங்க.’

‘நம்ம மில்லுல பாருங்க, எல்லாம் பாலியெஸ்டர் நூலு. இந்த மாசி வெயில்ல கதவத் தொட்டாலே சுருக்குங்குது. மனுசனுக்கே அப்படின்னா...’

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். கேட்கிறவன் முடித்துக்கொள்வதுதான் மரியாதை.

‘எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். இன்ஜினியருக்கு எது சரின்னு படுதோ அதைச் செஞ்சுபோடுங்க’ என்றார்.

இவ்வளவுதான் அவர் பேசியது. அழிக்கச் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் ஒரு பைசா வாங்கவில்லை. எழுதும்போது அவர் எதுவும் சொல்லவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதையும் அழிக்கவில்லை ஐயா. அழித்தால் தடம் இருக்கும். அது அரைகுறை ஆட்கள் செய்கிற வேலை. நான் பெட்டியைத் திறந்து, புதுப் பதிவெல்லாம் வேறு டிஸ்க்கில் விழும்படி மாற்றினேன். கிருபா இருந்த டிஸ்க்கைக் கழற்றினேன். ஓரத்தில் ரப்பர் வாஷர் வைத்து, இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதிலாக நைலான் ஸ்க்ரூ போட்டு மறுபடி மாட்டினேன். நாலும் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பெட்டியின் எர்த்தைத் தொடவேயில்லை. நீங்கள் எலக்ட்ரீசியனை வைத்துச் சோதித்தபோது எர்த் சரியாக இருக்கிறது என்றுதானே எழுதினார். சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு டிஸ்க் மட்டும் அதோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

அப்புறம் இடம். பெட்டி ஆபீஸ் அறைக்குள் இருந்தால் யார் கை வைத்தார்கள் என்ற பேச்சு வரும். அதனால் எல்லாரும் பார்க்கும்படி தறிக்கூடத்து வாசலில் ஒரு பெஞ்சின்மேல் வைக்கலாம் என்றேன். காற்றோட்டத்துக்காகப் பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டேன். உள்ளே அந்த டிஸ்க் முன்வரிசையில் வெள்ளித் தட்டு மாதிரித் தெரியும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று லட்சுமணசாமி எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கடுத்த வாரம் வட்டாரத் தொழிலதிபர்கள் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அச்சடித்த பத்திரிகையில் ‘வெளிப்படைத்தன்மையின் காவலர், இன்ஜினியர் ஆர். திருமூர்த்தி’ என்று இருந்தது. ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் காட்டுகிறேன்.

பழனியாத்தாள் ஒருமுறை கடைக்கே வந்தார். படியேறாமல் வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

‘ஏனுங்க சாரு, அந்தப் பொட்டிக்குள்ள என்ற புள்ள இருக்குதுங்களா?’

‘இருக்குதுங்கம்மா.’

‘பத்திரமா இருக்குமுங்களா?’

‘ஓடிட்டே இருக்கற வரைக்கும் பத்திரமுங்க. ஓடுதான்னு தொட்டுப் பாத்தா தெரியும். கதகதன்னு இருக்கும். உள்ள வேலை செய்யற புள்ளைங்ககிட்டச் சொல்லி வையுங்க. போறப்ப வாரப்ப தொட்டுப் பாத்துக்கட்டும்.’

அந்தம்மா கும்பிட்டார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவ்வளவு மரியாதைக்கு நான் ஆளில்லை என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் செய்ய எதுவும் இருக்கவில்லை. கிருபாவோடு வேலை செய்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். ஷிப்டுக்கு உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. நாள் முழுக்கப் பாலியெஸ்டர் நூலில் கையை வைத்து வேலை செய்கிறவர்கள். சாயங்காலம் அவர்கள் முடியே எழுந்து நிற்கும். ஒவ்வொருத்தியும் டிஸ்க்கை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். யாரோ ஒருத்தி தினம் செம்பருத்தி வைத்தாள். நான் ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கிருபாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண், கோயில் வாசல் மாதிரி ஓரமாகச் செருப்பை விட்டுவிட்டுத் தொடப் போனாள். வெறுங்காலோடு நின்றால் உடம்பில் இருக்கிறதெல்லாம் சிமெண்ட் தரையில் இறங்கிவிடும்.

‘செருப்பக் கழட்ட வேண்டாம் கண்ணு, தரை சில்லுனு இருக்குது’ என்றேன்.

அவள் போட்டுக்கொண்டு வந்து தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்தாள். சிரித்தாள்.

‘பாருங்க சார், தொட்டா கிருபா கிள்றா. எங்க எல்லாரையும் கிள்றா. ஹாஸ்டல்லயும் அப்படித்தான், எந்திரிக்காட்டி கிள்ளி வெப்பா.’

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு தடவை, உனக்கு ஒரு தடவை என்று கணக்குப் பேசிக்கொண்டார்கள். கிள்ளு வாங்காதவள் வருத்தப்பட்டு இன்னொருமுறை போய்த் தொட்டாள். நான் பெட்டிப் பக்கம் போவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் போனேன். அது தொழில் பழக்கம்.

ஒன்பதாவது நாள் அந்த டிஸ்க்கின் பச்சை விளக்கு அணைந்தது. நீங்கள் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் பழனியாத்தாளுக்கும் தகவல் போய், தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். கையில் மண் இருந்தது. நான் ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் சுற்ற ஆரம்பித்து, டக், டக், டக் என்று தட்டிவிட்டு நின்றது. அந்தச் சத்தம் வந்தால் உள்ளே படிக்கிற முள்ளுக்கும் அடி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஸ்விட்சைத் தொடக் கூடாது. தொட்டால் முள் தட்டின்மேல் உரசி, எழுதியிருப்பதையே சுரண்டி எடுத்துவிடும். அப்படியே எடுத்து வைத்திருந்தால், தெரிந்த கை யாராவது திறந்து மீட்டிருக்கலாம்.

‘இன்னொருக்கா போட்டுப் பாருங்க சாமி’ என்றார் அந்தம்மா.

போட்டேன். டக், டக், டக்.

‘இன்னும் ஒரே ஒருக்காங்க.’

பதினான்கு முறை போட்டேன் ஐயா. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டுத்தான் போட்டேன். நானாக ஒருமுறைகூடப் போடவில்லை. கடைசியில் சத்தம் மாறியது, அரத்தில் ஆணியைத் தேய்க்கிற மாதிரி. அப்போது அவராகவே போதும் என்றார். அந்தப் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். லட்சுமணசாமி வந்து, எந்திரந்தானே, அதுக்கும் ஒரு ஆயுசு இருக்குதுங்க என்று ஆறுதல் சொன்னார்.

பெட்டியை நீங்கள் சீல் வைத்து எடுத்துப் போனீர்கள். அதைத் திறந்து பார்க்க, எங்கள் காம்ப்ளெக்ஸில் இரண்டாம் மாடியில் டேட்டா மீட்பு செய்யும் ரூபினாவிடம்தான் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியவில்லை. நைலானைக் கழற்றி இரும்பைப் போட்டுவைக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது. போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பழைய நாலு ஸ்க்ரூவும் என் சட்டைப் பையிலேயே இருந்தன. வீட்டில் துவைக்கும்போது எடுத்துக் கொடுத்தார்கள்.

ரூபினா நல்ல வேலைக்காரி. கை சுத்தம். பச்சைப் பலகையை மாற்றிப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. தட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள், வட்ட வட்டமாகக் கீறல். அன்று மத்தியானம் கீழே இறங்கி என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு காகிதத்தைப் பிரித்து வைத்தாள். உள்ளே நாலு நைலான் ஸ்க்ரூ.

‘அண்ணா, வேற யாராவது போட்டிருந்தா ரெண்டுதான் போட்டிருப்பாங்க.’

நான் ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

‘இந்தக் காந்திபுரத்துலயே நாலு போடறவரு நீங்க ஒருத்தருதான் அண்ணா. எனக்குக் கத்துக் கொடுத்ததும் நீங்கதான்.’

ஒரு விதத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலையைப் பார்த்து ஆளைச் சொல்கிறார்கள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. அவளிடம் டீ சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். மறுநாள் நானே இங்கே வந்தேன்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. அந்தப் பதிவை நான் பார்த்தேனா என்று. பார்த்தேன். கழற்றுவதற்கு முன்னால் டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் அல்லவா.

பாவு ஓடிக்கொண்டிருக்கிறது. உருளையின் மூடியைத் தூக்கிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கிருபாவின் ஒரு கையில் பிரஷ் இருக்கிறது. இன்னொரு கையில் எதுவும் இல்லை. அவள் மெஷினைக் காட்டி ஏதோ கேட்கிறாள், நிறுத்தட்டுமா என்பது மாதிரி. எதிரில் நிற்பவர் லட்சுமணசாமியின் மகன் ரித்விக். வெளிநாட்டில் எம்பிஏ படித்துவிட்டு வந்து உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வேண்டாம் என்று தலையாட்டி, ஓடும்போதே துடைக்கச் சொல்லி விரலைக் காட்டுகிறார். அவள் குனிகிறாள். படத்தில் ஒரு போன் இருக்கிறது, மில்லில் பொய் சொல்லவில்லை. அது ரித்விக்கின் காதில் இருக்கிறது. அவள் உருளைக்குள் போன பிறகும், எதிர்முனையில் இருந்தவரிடம் விடைபெற்றுவிட்டுத்தான் போனைக் காதிலிருந்து எடுக்கிறார். பண்பான பையன்.

இந்தப் பதிவைப் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். டிஸ்க்கில் இல்லை. என்னிடம் இருக்கிறது. பழனியாத்தாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வரும்போது பார்த்தேன். இதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெண் போன் பேசவில்லை என்பதற்கு ஒரு காகிதம் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். அந்தப் பிள்ளைகளின் கையைக்கொண்டே செய்தேன். நீங்கள் டைப் அடித்திருப்பதை இரண்டு முறை படித்துவிட்டேன், வரிக்கு வரி சரியாக இருக்கிறது.

முதல் பக்கத்தில் ஒன்றே ஒன்று மட்டும். தொழில் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று போட்டிருக்கிறார்கள். அதை இன்ஜினியர் என்று திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதுவரை அந்தம்மா இருக்கட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை.